பேனரின் கீழ்வரிசை

எங்கள் ஊர் நிறுத்தத்தில் கம்பெனி பஸ் வந்து நின்றால் அவன் கடைசி ஆளாகத்தான் ஏறுவான். ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு சட்டைப் பையைத் தட்டுவான், பேன்ட் பையைத் தட்டுவான், சாப்பாட்டுப் பையைத் திறந்து உள்ளே கையை விடுவான். "ஐடி கார்டு எங்கியோ வுட்டுட்டன் போலண்ணே, ஒரு நிமிசம்" என்பான். அந்த ஒரு நிமிடத்தில் தெருவிலிருந்து நாலைந்து பெண்கள் ஈரத் தலையோடும் கையில் பிடித்த செருப்போடும் ஓடி வந்து ஏறிவிடுவார்கள். கார்டு அவன் கழுத்திலேயே சட்டைக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். டிரைவருக்கும் அது தெரியும். "கெடச்சிச்சாப்பா?" என்பார். "கெடச்சிடுச்சிண்ணே" என்று ஏறுவான். பஸ் ஓசூரைப் பார்த்துக் கிளம்பும்.

ஓடி வருகிறவர்களில் பாதி நாள் அவன் தங்கையும் இருப்பாள். இருவரும் ஒரே கம்பெனி, வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற இடம். நான் எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்று டவுன் பஸ்ஸுக்காகக் காத்திருப்பேன், போட்டித் தேர்வு வகுப்புக்குப் போவதற்கு. இந்த ஐடி கார்டு நாடகத்தைப் பார்த்துப் பார்த்து, அதை வகுப்பில் ஒரு நகைச்சுவையாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். நன்றாக நடித்தும் காட்டுவேன்.

அவனும் நானும் ஒரே தெரு, ஒரே வயது, பத்தாவது வரை ஒரே பெஞ்சு. அதன் பிறகு அவன் ஐடிஐ போனான், நான் பொறியியல் படித்தேன். அவன் அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் அவரைத் தூக்கி வெளியே உட்கார வைத்துக் குளிப்பாட்டுவான். பிறகு மாடு. பிறகு ராயக்கோட்டை ரோட்டோரம் அவர்களுக்கு இருக்கிற துண்டு நிலத்தில் தக்காளி. அதன் பிறகும் ஊரில் யார் வீட்டிலாவது அவன் இருப்பான். பந்தல் போடுவது, பாடை கட்டுவது, பிரசவத்துக்கு ஆட்டோ பிடிப்பது என்று ஏதாவது ஒன்று.

எனக்கு வாரம் ஒரு யோசனை வரும். ஏரியைத் தூர்வாரலாம், பள்ளிக்கூடத்துச் சுவரில் படம் வரையலாம், எருது விடும் விழாவை ட்ரோன் வைத்துப் படம் பிடிக்கலாம். எல்லாவற்றையும் முதலில் அவனிடம்தான் சொல்வேன், ஏனென்றால் அவன் ஒருவன்தான் சிரிக்காமல் கேட்பான். "சரி மச்சான், ஞாயித்துக்கெழம எனக்கு ஆஃப். அன்னைக்கி வெச்சிக்கோ" என்பான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பத்துப் பேர் மண்வெட்டியோடு ஏரியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வோம். வெயில் ஏறியதும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வோம். சாயங்காலம் அவன் மட்டும் சேறு படிந்த காலோடு தெருவுக்குள் வருவான். கேட்டால், "கொஞ்சம்தான் பாக்கி இருந்துச்சி" என்பான்.

இளைஞர் சங்கத்தின் பேனர் எல்லாம் என் பொறுப்பு. போனிலேயே வடிவமைத்து, கெலமங்கலத்தில் ஒரு கடைக்கு அனுப்பினால் அச்சடித்துத் தந்துவிடுவார்கள். பொங்கல், திருவிழா, கல்யாணம், காதுகுத்து, சாவு, எதுவானாலும் நிறுத்தத்துப் புளியமரத்துக்குப் பக்கத்தில் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டிவிடுவோம். கட்டுவதற்கு எல்லோரும் வருவோம். கழற்றுவது யார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. கொஞ்ச நாளில் அது அங்கே இருக்காது. மழைக்குத் தக்காளிக் கூடைமேல் கிடக்கும், ராகி காயப்போட ஏதாவது வாசலில் விரிந்திருக்கும், ஒழுகுகிற கொட்டகைமேல் ஏறியிருக்கும். எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைமேலேயே மூன்று வருடமாக ஒரு மணமகனும் மணமகளும் படுத்திருக்கிறார்கள்.

அவன் போன அன்று நான் வகுப்பில் இருந்தேன். ராயக்கோட்டை மண்டியில் தக்காளியை இறக்கிவிட்டு பைக்கில் திரும்பும்போது ஒரு வளைவில் லாரி. போன் வந்ததும் கிளம்பினேன். ஆஸ்பத்திரிக்கு இல்லை, கெலமங்கலத்து பேனர் கடைக்கு. அது என் வேலை என்று எனக்குத் தோன்றியது. அவனுக்காக நான் ஓடுகிறேன் என்றுதான் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் சங்கத்துப் பையன்கள் சிலரும் வந்துவிட்டார்கள். அவன் உடல் இன்னும் கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரியில் இருந்தது.

அவனைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட எங்கள் யாருடைய போனிலும் இல்லை. எல்லாப் படத்திலும் ஓரத்தில் பாதி உடம்பாக இருந்தான், அல்லது பின்னால் எதையோ தூக்கிக்கொண்டு போனான். கடைசியில் ஒரு கல்யாணப் படம் கிடைத்தது. கையில் சாம்பார் வாளியோடு நிற்கிறான், பக்கத்தில் அவன் தோளில் கை வைத்தபடி தங்கை. நான் தங்கையை வெட்டினேன், வாளியை அழித்தேன், கழுத்துக்குக் கீழே ஒரு நீலக் கோட்டை ஒட்டினேன். அவன் வாழ்நாளில் கோட்டு போட்டவன் இல்லை. தோளில் தங்கையின் விரல்கள் மட்டும் வெட்டுப்படாமல் நின்றுவிட்டன. போன் திரையில் அது ஒரு மங்கல். அவ்வளவு உயரத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. கீழ்வரிசை. அஞ்சலி பேனர் என்றால் அடியில் அதை வைக்கிறவர்களின் படங்கள் வரிசையாக வர வேண்டும், அது இல்லாமல் எங்கள் பக்கத்தில் பேனர் கிடையாது.

"மச்சி, நான் எதுக்கு ரெண்டாவது வரிசைல கீறன்? ஐடிஐ அவங்கூடப் படிச்சவன் நான்தான்."

"சாவுலயும் உனுக்கு சீனியாரிட்டியா?"

"எங்கிட்ட புல்லட்டோட எடுத்தது ஒண்ணு கீது. அதப் போட்டுடு."

"புல்லட்ட எங்கடா நிறுத்தறது, அவன் தலமேலயா?"

கடைக்காரர், "சீக்கிரம் சொல்லுங்கப்பா, காதுகுத்து பேனர் ஒண்ணு காத்துக்கினு கீது" என்றார். நாங்கள் சிரித்தோம். சத்தமாக இல்லை, ஆனால் சிரித்தோம். நான் எனக்கு ஒரு படம் தேடினேன். துக்கமான படம் என்று ஒன்று யாரிடம் இருக்கும்? சித்தப்பா மகன் கல்யாணத்தில் எடுத்தது நன்றாக இருந்தது. கூலிங் கிளாஸை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, எல்லாப் பல்லும் தெரிய. அதைப் போட்டேன். அடியில் பெயர் போட்டேன். பெயருக்குப் பின்னால் பி.இ. என்றும் போட்டேன். மேலே, 'ஊரையே உறவாக்கியவனே, உறங்கப் போய்விட்டாயோ' என்று நானே ஒரு வரி எழுதினேன். அந்த வரியை ஊரில் பலர் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். அவன் எரிந்த அன்று மாலை, எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருமாதி முடிந்தது. அவன் தங்கை வேலைக்குத் திரும்பினாள். அந்த வீட்டில் இனி மாதம் பிறந்தால் சம்பளம் என்று வருவது அவளுக்கு மட்டும்தான்.

சில வாரங்கள் போயிருக்கும். அவன் அம்மா என்னைத் தெருவில் நிறுத்தினார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், எங்களிடம் தமிழ். ஆனால் பிள்ளைகளை மட்டும் தெலுங்கில்தான் கூப்பிடுவார், 'நாயனா' என்று. மகனைக் கூப்பிட்ட அதே சொல்லில் அன்று என்னைக் கூப்பிட்டார்.

"நாயனா, பாப்பாகிட்ட கொஞ்சம் பேசறியா? நம்ம ஸ்டாப்புல ஏற மாட்டேங்கறா. இருட்டுல பாலத்து ஸ்டாப்பு வரிக்கும் நடக்கறா. யானை எறங்கற காலம். நடந்து போறதுக்குள்ள பஸ்ஸு தாண்டிப் போயிடுது, வூட்டுக்குத் திரும்பி வந்து குந்திக்கிறா. இன்னும் ஒரு தடவ லீவு ஆனா வரவே வேணாம்னு கம்பெனில சொல்லிட்டாங்களாம். என்னாத்துக்குன்னு கேட்டா வாயே தெறக்கறதில்ல. நீ படிச்சவன், நீ கேளு."

நான் அவளைக் கேட்பதற்கு முன்பே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். நிறுத்தத்தில் எவனோ அவளைக் கிண்டல் செய்கிறான். அண்ணன் இல்லாத பெண் என்று துணிந்துவிட்டான். இரவோடு இரவாகத் திட்டம் போட்டேன். நிறுத்தத்தில் கேமரா வைக்க வேண்டும், பஞ்சாயத்தில் மனு கொடுக்க வேண்டும், அதற்கு அவன் பெயரையே வைக்கலாம். சங்கத்துக் குழுவில் அனுப்ப ஒரு நீண்ட செய்தியும் தயாராக இருந்தது. 'நம் நண்பனின் தங்கை நம் தங்கை' என்று தொடங்கியது அது. நல்லவேளை, அனுப்பவில்லை.

மறுநாள் சாயங்காலம் போனேன். கொட்டகைக்குப் பின்னால் சீமைப்புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"யாராச்சும் கிண்டல் பண்றாங்களாம்மா? பேர மட்டும் சொல்லு. மீதிய நாங்க பாத்துக்கறம்."

"அதெல்லாம் யாரும் இல்லண்ணா."

"அப்பறம் என்னாத்துக்கு அவ்ளோ தூரம் நடக்கற?"

ஒரு பிடி அறுத்து வைத்தாள், இன்னொரு பிடி. பிறகு நிமிராமலேயே கேட்டாள்.

"அந்தப் பேனருக்குக் கீழ நின்னு பாத்திருக்கீங்களாண்ணா?"

"நான்தானம்மா டிசைன் பண்ணது."

"போன்ல பாத்திருப்பீங்க. கீழ நிக்கறவங்களுக்கு அண்ணன் மூஞ்சி தெரியாதுண்ணா. அது எங்கியோ ஒசரத்துல கீது. நேரா கண்ணுக்கு வர்றது நீங்கல்லாம்தான்." அரிவாளில் ஒட்டிய புல்லைத் துடைத்தாள். "எல்லாரும் சிரிச்சிக்கினு கீறீங்க. தெனமும் காத்தால அதப் பாத்துக்கினு நிக்க முடியிலண்ணா. வேற ஒண்ணுமில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கு எப்போதும் ஏதாவது இருக்கும். அவள் புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு, "டீ குடிச்சிட்டுப் போங்கண்ணா" என்று உள்ளே போனாள்.

நான் நேராக நிறுத்தத்துக்குப் போனேன். பேனருக்கு அடியில், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நிற்கிற இடத்தில் நின்றேன். அவள் சொன்னது சரி. அவன் முகத்தைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது. நேராகப் பார்த்தால் நான். என் பல். ஒவ்வொரு பல்லும் மக்காச்சோளக் கதிரில் ஒரு மணி அளவுக்கு இருந்தது. கூலிங் கிளாஸில் கல்யாண மண்டபத்துச் சீரியல் விளக்குகூடத் தெரிந்தது. அதற்குக் கீழே 'கண்ணீருடன்', அதற்குக் கீழே பெயர், பி.இ. தெருவில் தினம் நான் கடந்துபோகிற பேனர்தான் அது. எதிர்க் கடையிலிருந்து பார்க்கும்போதெல்லாம் நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

சங்கத்துப் பையன்களிடம் கழற்றிவிடலாம் என்றேன். காரணம் சொல்லவில்லை.

"செத்தவன் பேனர நாமளே கழட்டறதா? ஊரு மூஞ்சில துப்பும்டா."

"அதுவா கிழிஞ்சி வுழட்டும். மழ வந்தா வுழுந்துடும்."

"அவங்க வூட்ல கேட்டாங்களா? கேட்டிருந்தாச் சொல்லு, இப்பவே கழட்டிடலாம்."

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் வேலை அந்த நிமிடமே முடிந்திருக்கும். ஆனால் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க ஒரு பேச்சு ஓடும்: அண்ணன் மூஞ்சியைப் பார்க்கத் தங்கச்சிக்குப் பிடிக்கவில்லையாம். அந்தப் பேச்சோடு அவள் அந்த நிறுத்தத்தில் நிற்கவே முடியாது. "இல்ல, சும்மா கேட்டன்" என்றேன். அவர்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் பட்டப்பகலில் ஏணியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கட்டுக்கம்பியை அவிழ்க்கத் தெரியாமல் விரலைக் கிழித்துக்கொண்டேன். டீக்கடைக்காரர் வெளியே வந்து நின்றார். அவருக்குப் பின்னால், டீ குடிக்க வந்த நாலைந்து பேர்.

"என்னாப்பா, அதுக்குள்ள கழட்டற?"

நான் அடுத்த கம்பியைத் திருகினேன்.

"உன் போட்டோ சரியா வுழலன்னு வேற மாத்தப் போறியா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றேன். இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்கே கிடைத்திருக்காது. "ஆமாண்ணே" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. நகைச்சுவைக்குச் சொன்னவர் முகம் மாறியது. "தூ, படிச்சவனாடா நீ" என்றார். இன்றுவரை ஊரில் என்னைப் பற்றிய கதை அதுதான்: செத்த நண்பனின் பேனரைத் தன் போட்டோ சரியில்லை என்று கழற்றினவன். அந்தக் கதையில் எனக்குக் கோபம் இல்லை. அச்சுக் கடையில் நான் நின்ற நிலையைப் பார்த்தவர்கள் யாரும் அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

மற்றவர்கள் போன பிறகு டீக்கடைக்காரர் மட்டும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "இதெல்லாம் அவன் வேல" என்றார் மெதுவாக. "கருமாதிச் சோறு துன்னுட்டு எல்லாரும் வூட்டுக்குப் போவாங்க இல்ல, அவன் இங்க ஏறிடுவான். செத்தவங்க மூஞ்சிய மட்டும் அறுத்து அவங்க வூட்ல குடுத்துடுவான். மீதிதான் கொட்டாய்க்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் எத்தனை கொட்டகைமேல், எத்தனை வைக்கோல் போர்மேல் பழைய பேனர் கிடக்கிறது. மணமக்கள் கிடக்கிறார்கள், காதுகுத்திய குழந்தைகள் கிடக்கின்றன, ஓட்டுக் கேட்டவர்கள் கிடக்கிறார்கள். இறந்தவர் ஒருவர்கூட இல்லை. அஞ்சலி பேனர்களில் மிஞ்சியது ரோஜாப்பூவும் வெள்ளைப் புறாவும் விளக்குச் சுடரும் 'அஞ்ச' என்ற பாதிச் சொல்லும்தான். இத்தனை வருடம் அந்தப் புறாக்களைப் பார்த்துக்கொண்டுதான் நடந்திருக்கிறேன். கழற்றுகிற ஒரே ஆளின் பேனர் என்பதால்தான் இது மட்டும் கழற்றப்படாமல் நின்றது.

சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் விரித்தோம். முற்றம் போதவில்லை. தரையில் பார்க்கும்போதுதான் அந்த விரல்கள் தெரிந்தன. நீலக் கோட்டின் தோள்மேல் நாலு விரல், ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம், மருதாணி போட்டது. அவற்றுக்குப் பின்னால் கை இல்லை, ஆள் இல்லை, வெறும் நீல வானம். நான் சொல்ல ஏதாவது தேடினேன். அவள் முழங்காலிட்டு, தன் விரல்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கத்தரியை எடுத்து முகத்தைச் சுற்றி வெட்டினாள். தோள் வந்ததும் கொஞ்சம் விலகி, விரல்களையும் சேர்த்து வெட்டினாள். கோட்டு பாதியில் நின்றுவிட்டது. அவன் அப்பா நாற்காலியிலிருந்து நல்ல கையை நீட்டினார். அவர் மடியில் கொண்டுபோய் வைத்தாள்.

கீழ்வரிசை மிஞ்சியது. நீளமான துண்டு, நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

"இத நான் எடுத்துக்கினு போயி எங்கியாச்சும் போட்டுடறம்மா" என்றேன்.

"ஏன் நாயனா, நல்லாத்தான கீது" என்றார் அவன் அம்மா. "ராகித்தாள் போரு நனையுது. அதுக்கு ஆவும்."

போர்மேல் அவரே விரித்து நாலு கல் வைத்தார். ஒரு கல் என் நெற்றியில், கூலிங் கிளாஸ்மேல். இப்போதும் அந்த வீட்டுக்குப் போனால் அது அங்கேதான் இருக்கிறது. வெயிலில் மற்றவர்கள் வெளுத்துவிட்டார்கள். என் பல் மட்டும் ஏனோ இன்னும் வெளுக்கவில்லை. மாட்டுக்குத் தாள் உருவும்போது அவளோ அம்மாவோ என்னைத் தூக்கி ஒதுக்கிவிட்டு உருவுகிறார்கள்.

பேனர் போன மறுநாள் காலை நான் டீக்கடைக்குப் போகாமல் நிறுத்தத்துப் பக்கமே நின்றேன். பெண்கள் வந்தார்கள், சாப்பாட்டுப் பைகளோடு. அவள் இல்லை. பாலத்துக்கு நடந்துவிட்டாளோ என்று ரோட்டின் அந்தப் பக்கம் பார்த்தேன். பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். அவன் நிற்கிற படி காலியாக இருந்தது. டிரைவர் கியர் போடும்போது தெரு முனையில் அவள் தெரிந்தாள், தலையைத் துவட்டிக்கொண்டே ஓடி வந்தாள். இங்கேதான் ஏற வருகிறாள்.

என் கால் தானாகப் படியில் ஏறியது. என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டைப் பையைத் தட்டினேன். அதில் ஒன்றும் இல்லை.

"எந்தக் கம்பெனிப்பா நீ?" என்றார் டிரைவர்.

"இல்லண்ணே... இது ஓசூர் போவுமா?"

"கண்ணாடில போர்டு கீது. படிக்கத் தெரியாதா உனுக்கு?"

"பி.இ. அண்ணே அவரு" என்றாள் முன் சீட்டிலிருந்த ஒரு பெண். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் போர்டைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தேன், படியிலிருந்து காலை மட்டும் எடுக்கவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் அவள் வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. நான் ஒதுங்கினேன். என்னைத் தாண்டி ஏறியவள், இரண்டாவது படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்கு ஐடி கார்டு வேணும்ண்ணா" என்றாள்.

அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. கதவு மூடிக்கொண்டது.